‘என் நாய் கடிக்காதுங்க’ என்றால் சட்டம் ஒத்துக்கொள்ளுமா? பொது இடங்களில் லீஷ் விதிகள்: முழு விளக்கம்

மும்பை வொர்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. 2018 பிப்ரவரி மாதம். ஒருவர் தன் ஒன்றரை வயது மகனுடன் லிஃப்ட்டில் போய்க்கொண்டிருக்கிறார். நடுவில் ஒரு தளத்தில் லிஃப்ட் நிற்கிறது. வாசலில் அதே குடியிருப்பைச் சேர்ந்த இன்னொருவர், கூடவே அவருடைய ஹஸ்கி நாய். குழந்தைக்கு நாய் என்றால் பயம், கொஞ்சம் பொறுங்கள் என்று உள்ளே இருந்தவர் கேட்டும், நாய்க்காரர் காத்திருக்கவில்லை. நாயை உள்ளே இழுத்து வந்தார். அது குழந்தையின் தந்தையைக் கடித்தது.

வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. 2025 மே மாதம் மும்பை நீதிமன்றம் நாயின் உரிமையாளருக்கு 4 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. நாய் வர மறுத்தும் அவர் அதை லிஃப்ட்டுக்குள் இழுத்துப்போனது சிசிடிவி காட்சியில் பதிவாகியிருந்தது. நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாய் எங்கேயோ அவிழ்ந்து ஓடிப்போய்க் கடிக்கவில்லை. உரிமையாளரின் பிடியில்தான் இருந்தது. அப்படியென்றால் சட்டம் எதைக் குற்றம் என்கிறது? லீஷ் போடாததையா, போட்டும் கட்டுப்படுத்தாததையா? பெங்களூரிலோ நொய்டாவிலோ குருகிராமிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஃப்ளாட்டில் நாய் வளர்ப்பவர்களும் சரி, நாயைக் கண்டால் ஒதுங்கி நடப்பவர்களும் சரி, இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நாடு முழுக்க ஒரே லீஷ் சட்டம் இருக்கிறதா?

இல்லை. ‘பொது இடத்தில் நாயைக் கயிறு கட்டித்தான் அழைத்துவர வேண்டும்’ என்று நாடு முழுமைக்கும் தனியாகச் சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் இந்தியாவில் கிடையாது.

காரணம் எளிது. அரசியலமைப்பின்படி உள்ளாட்சியும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. விலங்குவதைத் தடுப்பு மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதனால் விலங்கை வதைக்காதே என்று சொல்ல மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. நாயை எப்படித் தெருவில் அழைத்துப்போக வேண்டும் என்று சொல்வது பெரும்பாலும் மாநகராட்சிகளின் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு மாநகராட்சியும் தன் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டுத் தனித்தனியாகத் துணை விதிகள் போட்டுக்கொள்கிறது. ஓர் ஊரில் அபராதம் ஆயிரக்கணக்கில் இருக்கும். இன்னோர் ஊரில் விதி புத்தகத்தில் மட்டும் இருக்கும். வேலை மாறி ஊர் மாறும்போது கேஸ் இணைப்பு, ஆதார் முகவரியெல்லாம் மாற்றுகிறோமே, நாய் இருந்தால் அந்தப் பட்டியலில் மாநகராட்சி விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்போ லீஷ் இல்லாமல் போனால் எந்தச் சட்டமும் கேட்காதா?

கேட்கும். எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரு குற்றப்பிரிவு இருக்கிறது: பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. தன் வசம் இருக்கும் விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதுமான நடவடிக்கையை, தெரிந்தோ அலட்சியத்தாலோ எடுக்காமல் விடுபவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2024 ஜூலை 1-க்கு முன்பு இதுவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவாக இருந்தது. அப்போது அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாய்.

இந்தப் பிரிவில் ‘லீஷ்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் மூன்று விஷயங்கள் முக்கியமானவை.

• ‘தன் வசம் இருக்கும்’: உரிமையாளர் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நாய் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவரும் மாட்டலாம். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது நாயை வாக்கிங் கூட்டிப்போகும் பணியாளருக்கும், ஊருக்குப் போன நண்பரின் நாயை இரண்டு நாள் வைத்துக்கொள்ளும் உங்களுக்கும் இது பொருந்தும்.

• ‘போதுமான நடவடிக்கை’: எது போதும் என்பது நாயைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு சாதாரணக் கயிறு போதும். ஏற்கெனவே ஒருவரைக் கடித்த ஐம்பது கிலோ நாய்க்கு, குழந்தைகள் விளையாடும் பூங்காவில், அதே கயிறு போதாமல் போகலாம்.

• ‘அலட்சியத்தாலோ’: கடிக்கவைக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ‘இதுவரை யாரையும் கடிச்சதே இல்லீங்க’ என்பது நீதிமன்றத்தில் ஒரு வாதமாக எடுபடலாம். பொறுப்பிலிருந்து முழுசாகத் தப்பிக்க வழி ஆகாது.

இந்தப் பிரிவின்படி கடி நடந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆபத்து நேரக்கூடிய நிலையில் தடுக்காமல் விடுவதே குற்றம். காயம் ஏற்பட்டுவிட்டால் வேறு பிரிவுகளும் சேரும். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் செயலைப் பற்றிய 125-வது பிரிவில், காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரையும், கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரையும் சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. அலட்சியத்தால் மரணமே நேர்ந்தால் 106-வது பிரிவு. அதில் 5 ஆண்டு வரை சிறை.

மும்பையின் இன்னொரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2010-ல் தெருவில் இருவருக்கு இடையே வாக்குவாதம். ஒருவரின் ராட்வைலர் காருக்குள் இருந்தது. கதவைத் திறக்காதீர்கள் என்று மற்றவர் கேட்டுக்கொண்டும் அவர் திறந்தார். வெளியே வந்த நாய் 72 வயது முதியவரைக் கடித்தது. 2023-ல் உரிமையாளருக்கு 3 மாதச் சிறை. லீஷ், வாய்மூடி பற்றிய தனி விதி எதுவும் அங்கே தேவைப்படவில்லை. கதவைத் திறந்த கைதான் வழக்கு. தீர்ப்பு வர 12 ஆண்டுகளுக்கு மேல் ஆனதையும் கவனியுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு நீதி தாமதமானது. உரிமையாளருக்கோ அத்தனை ஆண்டுகள் ஒரு கிரிமினல் வழக்கு பின்னாலேயே வந்தது.

எந்த ஊரில் என்ன விதி?

டெல்லி: 1957-ம் ஆண்டு டெல்லி மாநகராட்சிச் சட்டத்தின் 399-வது பிரிவு நாய்களுக்கானது. நாயைப் பதிவு செய்து, கழுத்துப்பட்டையில் மாநகராட்சி தரும் உலோக வில்லையைக் கட்ட வேண்டும். ஒரு நாய் மற்றவர்களைத் தொந்தரவு செய்யும், பயமுறுத்தும் என்று தெரிந்திருந்தால், சங்கிலியும் வாய்மூடியும் இல்லாமல் அதைத் தெருவில் விடக்கூடாது. ரேபிஸ் பரவும் காலத்தில் ஆணையர் அறிவித்தால் இது எல்லா நாய்களுக்கும் பொருந்தும்.

மும்பை: 1951-ம் ஆண்டு மகாராஷ்டிர காவல் சட்டத்தின்படி, மூர்க்கமான நாயை வாய்மூடி இல்லாமல் பொது இடத்தில் திரியவிடுவதும், நாயை ஒருவர் மீது ஏவிவிடுவதும் குற்றம். டெல்லி காவல் சட்டத்திலும் இதே போன்ற விதி இருக்கிறது.

நொய்டா: 2022 நவம்பரில் நொய்டா ஆணையம் ஒரு கொள்கையை அறிவித்தது. வளர்ப்பு நாயோ பூனையோ யாரையாவது காயப்படுத்தினால் உரிமையாளருக்கு 10,000 ரூபாய் அபராதம். சிகிச்சைச் செலவும் அவருடையதே. 2023 மார்ச் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

காசியாபாத்: 2022 அக்டோபரில் பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ ஆகிய மூன்று இனங்களை வளர்க்க மாநகராட்சி தடை விதித்தது. மற்ற நாய்களை வெளியே அழைத்துவரும்போது வாய்மூடி வேண்டும் என்றது.

சண்டிகர்: 2025-ல் வந்த புதிய துணை விதிகள் ஆறு நாய் இனங்களுக்குத் தடை விதித்தன. சுக்னா ஏரி, ரோஸ் கார்டன் போன்ற இடங்களுக்கு நாயைக் கொண்டுபோகவே கூடாது.

சென்னை: 2025-ன் இறுதியில் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கப்பட்டன. உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். பிட்புல், ராட்வைலர் இனங்களுக்குப் புதிய உரிமம் இல்லை என்றும், ஏற்கெனவே வளர்ப்பவர்கள் வெளியே அழைத்துவரும்போது லீஷும் வாய்மூடியும் போட வேண்டும் என்றும் மாநகராட்சி முடிவெடுத்தது. இதற்குப் பின்னால் ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது. 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில், இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார்.

இந்த ஊர்களுக்குப் பொதுவாக ஒன்று தெரிகிறது. முதலில் பதிவு, பிறகு கட்டுப்பாடு, அதற்குப் பிறகு தடை. ஒரு பெரிய சம்பவம் நடந்ததும் விதி ஒரு படி கடுமையாகிறது.

நாய் இனத்துக்கே தடை போட்டால் பிரச்சினை தீருமா?

மத்திய அரசும் இந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்தது. 2024 மார்ச் 12 அன்று கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், அமெரிக்கன் புல்டாக் உள்ளிட்ட 23 இனங்களுக்கு உரிமம் தர வேண்டாம், விற்பனையும் வேண்டாம் என்றது அது. ஏப்ரல் மாதத்திலேயே கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ரத்து செய்தன. சம்பந்தப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காமல் வெளியிட்டது முக்கியக் குறையாகச் சொல்லப்பட்டது.

இனத் தடையை ஆதரிப்பவர்கள் சொல்வது: ஒரு பொமரேனியன் கடிப்பதும் ஒரு பிட்புல் கடிப்பதும் ஒன்றல்ல, பெரிய தாடை, பெரிய சேதம். எதிர்ப்பவர்கள் சொல்வது: எந்த நாயும் கடிக்கும், வளர்ப்பும் பயிற்சியும் கட்டுப்பாடும்தான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. கலப்பு இன நாயை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்ற நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நம்மூர் சிப்பிப்பாறையும் கன்னியும் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவை வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனங்கள். எதிரே ஓடும் பூனையையோ சைக்கிளில் போகும் சிறுவனையோ கண்டால் அம்பு மாதிரிப் பாயும். அங்கே ஆளைக் காப்பாற்றுவது கயிறுதான்.

லீஷ் விதிக்கு இருக்கும் பலம் இதுதான். அது இனம் பார்ப்பதில்லை. நாயைப் பறிமுதல் செய்யவோ யாருடைய செல்லத்தையும் தெருவில் விடவோ சொல்வதில்லை. செலவும் சில நூறு ரூபாய்தான்.

அப்பார்ட்மென்ட் சங்கம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது?

ஃப்ளாட் வாசிகளுக்கு மாநகராட்சியைவிட முதலில் மோதுவது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுதான். ‘நாய்க்கு லிஃப்ட் கிடையாது’, ‘பத்து கிலோவுக்கு மேல் நாய் கூடாது’, ‘லீஷ் போடாவிட்டால் 2,000 ரூபாய்’ என்று விதவிதமான அறிவிப்புகள் வரும். இதில் எது செல்லும்?

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் குடியிருப்போர் சங்கங்களுக்காக வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன் சாரம்:

• நாய் வளர்ப்பதையே சங்கம் தடை செய்ய முடியாது. பெரும்பான்மை ஓட்டுப் போட்டுத் தீர்மானம் போட்டாலும் முடியாது. நாயின் அளவு, இனம், குரைப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டியும் வெளியேற்ற முடியாது.
• லிஃப்ட்டைப் பயன்படுத்தத் தடையோ தனிக் கட்டணமோ விதிக்கக் கூடாது.
• பொது இடங்களில் நாயை லீஷ் போட்டு அழைத்துவரும்படி சங்கம் கேட்கலாம், அறிவுறுத்தலாம்.
• ஆனால் வாய்மூடி போட்டே ஆக வேண்டும் என்று சங்கம் வற்புறுத்த முடியாது.

கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல், குடியிருப்பு சங்கத்தின் துணை விதிகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கு முழுத் தடை விதிப்பது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ‘சங்கம் வற்புறுத்த முடியாது’ என்பதை ‘எனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை’ என்று படித்துவிடுகிறார்கள். வாய்மூடியைச் சங்கம் கட்டாயமாக்க முடியாது என்றாலும், உங்கள் மாநகராட்சியின் துணை விதி கட்டாயமாக்கினால் அது சட்டம். லிஃப்ட்டைப் பயன்படுத்த உங்கள் நாய்க்கு உரிமை உண்டு. அதே லிஃப்ட்டில் பயத்தோடு நிற்கும் குழந்தையைப் பார்த்து அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் பொறுப்பு உங்களுக்கு உண்டு. வொர்லி வழக்கில் பிரச்சினை நாய் லிஃப்ட்டில் ஏறியதல்ல. சொல்லியும் கேட்காமல் ஏற்றியதுதான்.

வாய்மூடி போடுவது வதையா?

எந்த வாய்மூடி என்பதைப் பொறுத்தது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வாய்மூடியைப் போட்டு மே மாத வெயிலில் நடக்க வைத்தால் நாய்க்கு உயிராபத்துகூட நேரலாம். கூடை மாதிரி இருக்கும் வகையில் நாய் வாயைத் திறக்க முடியும், மூச்சிரைக்க முடியும், தண்ணீர் குடிக்க முடியும். கடிக்க மட்டும் முடியாது. வாக்கிங்குக்கு இதுவே ஏற்றது. ஒரே நாளில் மாட்டிவிடாமல், வீட்டில் தின்பண்டம் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

அப்படியானால் வீட்டிலும் கட்டியே வைத்துவிடலாமா?

கூடாது. இதுவும் சட்டம்தான். 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் ஒரு விலங்கைக் கட்டிவைப்பதை வதை என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில் குற்றம். தண்டனைதான் சிரிப்பு வரும் அளவுக்கு இருக்கிறது: முதல் முறை 10 முதல் 50 ரூபாய் அபராதம். 1960-ல் போட்ட தொகை இன்னும் மாறவில்லை.

பால்கனியிலேயே நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய், வெளியே வந்ததும் கண்டதையெல்லாம் பார்த்துப் பாய்வதில் ஆச்சரியமில்லை. கயிறு தெருவுக்கானது. தினமும் வெளியே கூட்டிப்போகவே முடியாத வேலைநேரம் உங்களுடையது என்றால், நாய் வாங்கும் முன் இருமுறை யோசிப்பது நாய்க்கும் நல்லது, பக்கத்து வீட்டுக்கும் நல்லது.

தெருநாய்களுக்கு யார் லீஷ் போடுவது?

நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ‘தெரு முழுக்க நாய் சுத்துது, என் நாயை மட்டும் ஏன் கட்டணும்?’

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 2024-ல் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் அதிகமான நாய்க்கடிகள் பதிவாகின. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம். ஆனால் சட்டம் இரண்டையும் வேறு வேறாகப் பார்க்கிறது. 2023-ம் ஆண்டு விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடுவது உள்ளாட்சியின் பொறுப்பு. வளர்ப்பு நாய் என்றால் அந்தப் பொறுப்பு உரிமையாளருக்கு.

தெருநாய்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2025-ல் அடுத்தடுத்து உத்தரவுகள் போட்டது. டெல்லி மற்றும் சுற்றுப்பகுதித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க ஆகஸ்ட் 11 அன்று உத்தரவு. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம்; ரேபிஸ் பாதித்த, மூர்க்கமான நாய்களை விடக்கூடாது; தெருவில் கண்ட இடத்தில் உணவிடக் கூடாது, அதற்கென ஒதுக்கிய இடத்தில்தான் உணவிட வேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்ற நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது.

இழப்பீட்டிலும் இதே பிரிவினைதான். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், தெருநாய் கடித்தால் ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்கிட்டு மாநில அரசு இழப்பீடு தர வேண்டும் என்றது. வளர்ப்பு நாய் கடித்தால் அந்தக் கணக்கு உரிமையாளரின் பாக்கெட்டில் வந்து நிற்கும்.

நடைமுறையில் இன்னொன்று: தெருநாய்கள் இருப்பதே உங்கள் நாயைக் கட்டி அழைத்துப்போக வலுவான காரணம். அவிழ்ந்த நாய் இன்னொரு கூட்டத்தின் எல்லைக்குள் போனால் சண்டை நிச்சயம். நடுவில் பிரிக்கப் போகும் மனிதருக்குத்தான் அதிகம் கடி விழும்.

வாக்கிங்குக்கு முன் ஒரு சின்னச் சரிபார்ப்பு

• கயிற்றின் நீளம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். இழுக்க இழுக்க நீளும் வகை லீஷ், நெரிசலான தெருவுக்கும் லிஃப்ட்டுக்கும் சரிப்படாது. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் நாயை நொடியில் பின்னால் இழுக்க முடியாது.
• கழுத்துப்பட்டையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்கட்டும். அதைவிடத் தளர்ந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடும். இழுக்கும் பழக்கமுள்ள நாய்க்கு மார்பைச் சுற்றிப் போடும் பட்டை பாதுகாப்பானது.
• லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டுத் திருப்பத்திலும் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். நாய் உங்கள் காலோடு ஒட்டி, சுவர்ப் பக்கமாக நிற்கட்டும்.
• நாயின் எடையைத் தாங்க முடியாத குழந்தையிடமோ முதியவரிடமோ கயிற்றைக் கொடுக்காதீர்கள்.
• பட்டையில் உங்கள் ஃபோன் எண் உள்ள வில்லை இருக்கட்டும். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு அறுத்துக்கொண்டு ஓடும் நாய்களை நாம் பார்த்திருப்போம். அந்த நாட்களில் வாக்கிங்கை வெடிச் சத்தம் இல்லாத அதிகாலைக்கு மாற்றுவது உத்தமம்.
• ஃபோனைப் பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். நீங்கள் இன்னொரு பக்கம் பார்த்த ஒரு நொடிதான் சிசிடிவியில் பதிவாகும்.
• ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் உரிமமும் ஃபோனில் இருக்கட்டும். மாநகராட்சி ஆள் கேட்டாலும் உதவும், கடிபட்டவர் கேட்டாலும் உதவும்.

நாய் கடித்துவிட்டது. உடனே என்ன செய்வது?

முதலில் உடம்பு, பிறகுதான் சட்டம்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் தேதிகளில் ஒன்றைக்கூட விடாமல் போடுங்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படும். ‘வீட்டு நாய்தானே, ஊசி போட்டிருக்கு’ என்று சொன்னாலும் நீங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். வராமல் தடுப்பது ஏறக்குறைய முழுதாகச் சாத்தியம்.

அடுத்து:

• உரிமையாளரின் பெயர், ஃப்ளாட் எண், நாயின் தடுப்பூசி விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாட்கள் கண்காணிக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று தெரிவது அவசியம்.
• காயத்தைப் படமெடுங்கள். மருத்துவச் சீட்டு, பில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.
• சிசிடிவி பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும். சங்கத்திடம் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்.
• 291-வது பிரிவு காவல் துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம், ஜாமீன் உண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். மாநகராட்சிக்கும் தனியாகப் புகார் அனுப்பலாம். சிகிச்சைச் செலவுக்கு சிவில் வழக்கும் போடலாம்.

நாய் உங்களுடையது என்றால், தப்பிக்கப் பார்க்காதீர்கள். கடிபட்டவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், தடுப்பூசிச் சான்றைக் கையில் கொடுங்கள், செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. ஆனால் பல தகராறுகள் காவல் நிலையம் வரை போவதே, கடித்ததற்காக அல்ல, கடித்த பிறகு உரிமையாளர் பேசிய பேச்சுக்காக.

கடைசியாக

பெங்களூரு கப்பன் பூங்காவில் நாய்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. வார இறுதியில் அங்கே நாயோடு வரும் இளைஞர்கள் ஏராளம். 2022-ல் கர்நாடகத் தோட்டக்கலைத் துறை, பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணிகளே வரக்கூடாது என்று ஜூலை 1 முதல் தடை விதிக்க நினைத்தது. நாய்களைக் கயிறு இல்லாமல் விடுகிறார்கள், கழிவை அப்படியே விட்டுப்போகிறார்கள் என்ற புகார்கள்தான் காரணம். நாய் வளர்ப்பவர்கள் எதிர்த்ததும் முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

கயிற்றைப் பிடிக்காத சிலரால், கயிற்றைப் பிடித்தே நடக்கும் அத்தனை பேரும் பூங்காவை இழக்கவிருந்தார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், அபராதம் மாறும், தடைப் பட்டியல் நீளும், சுருங்கும். எல்லா இடத்திலும் சட்டம் உங்களிடம் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: ‘தடுக்க நீங்க என்ன செஞ்சீங்க?’ அதற்குச் சொல்ல உங்கள் கையில் ஒரு பதில் இருக்கட்டும். இரண்டு மீட்டர் நீளத்தில்.